சோடா மாதிரிதானே?

போன மாதம் ஒரு காலையில், சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தபோது, பெஞ்சில் நாளிதழை விரித்து வைத்திருந்த பெரியவர் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏந்தம்பி, நீ பெங்களூருல பீர் கம்பெனியில இருந்தவன்தானே? அந்தப் பாட்டிலை எல்லாம் எப்படி ரொப்பறாங்க? நம்ம சோடா மாதிரிதானே?" என்று கேட்டார். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. தாத்தா காலத்திலிருந்தே எங்கள் சோடா கம்பெனியை அறிந்தவர் அவர். தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத பொருளை அளந்து பார்த்தார், அவ்வளவுதான். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நான் டீயைக் குடித்திருக்கலாம். வாய் வரவில்லை. அதே வாக்கியத்தைக் கேள்விக்குறி இல்லாமல் ஒரு காலத்தில் ஓர் ஆலைக்குள் நின்று நானே சொல்லியிருக்கிறேன். சொன்ன இரண்டாம் நாள் ஒரு கெக்கில், அதாவது பீர் அடைக்கும் உலோகப் பீப்பாயில், மிச்சமிருந்த பீரைச் சாக்கடையில் கொட்டியும் இருக்கிறேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சேலத்தில் உட்கார்ந்து பீரைப் பற்றி எழுதுவதில் ஒரு விநோதம் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் இறங்கியது இந்த மாவட்டத்தில்தான். இங்கே வக்கீலாகத் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பேற்ற கையோடு 1937 அக்டோபர் 1 அன்று அதைக் கொண்டுவந்தார். அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவை ஆளும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரில் இன்றும் அந்த 1937 ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே வீட்டில் செய்து பார்த்ததாக இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இருக்காது. பீர் சம்பந்தப்பட்டதெல்லாம் பெங்களூரின் புறநகரில், உரிமம் பெற்ற ஒரு சிறிய ஆலையில் நடந்தது. சேலத்தில் நடந்தது சோடா மட்டும்.

பதினைந்து சுற்று

கம்பெனி என்பது பெரிய வார்த்தை. இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மெஷின், வாசலில் அடுக்கிய மரப்பெட்டிகள். பள்ளி விட்டு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவது என் வேலை. தண்ணீர் நிரப்பிய கோலி பாட்டில்களை இரும்புக் கூண்டில் படுக்க வைத்து, மேல்மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டி, சிலிண்டரிலிருந்து கேஸை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, திறந்துவிட்டுச் சுற்ற வேண்டும். கூண்டு நேராகவும் தலைகீழாகவும் புரளப் புரள, உள்ளே தண்ணீரும் கேஸும் ஒன்றையொன்று அடித்துக் கலக்கும். பதினைந்து சுற்று முடிந்ததும் வாய் கீழாக வரும்படி நிறுத்தினால், கோலி உருண்டு வந்து கழுத்திலுள்ள ரப்பர் வாஷரில் உட்காரும். உள்ளே இருக்கும் அழுத்தமே அதை அங்கே பிடித்துக்கொள்ளும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. அவர் ஊரில் அதைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள்தான் இப்போது வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தட்டுவடை செட்டுக்குத் துணையாக இன்றும் அது போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் கைப்பிடியைச் சுற்றி வளர்ந்தவனுக்கு கேஸைப் பற்றி ஒரு மிதப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கூண்டிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே கேஸ் ஏறிவிட்டதா என்று சொல்வேன். அழுத்தம் கொடு, குலுக்கு, முடிந்தது. இதில் தவறான பகுதி எதுவும் இல்லை என்பதுதான் பின்னால் வந்த சிக்கலுக்கே காரணம். தண்ணீரைப் பொறுத்தவரை அது முழுவதும் சரி.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோடா என்ற பொருளே பீர் ஆலையில் பிறந்ததுதான். 1767இல் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் போர்வைபோல் தங்கி நின்ற இதே கேஸில் தண்ணீரை வைத்துப் பார்த்து, அது கரைந்து தண்ணீருக்கு ஒரு சுருக்கென்ற சுவை வருவதைக் கண்டார். அதன்படி பார்த்தால் டீக்கடைப் பெரியவரின் கேள்வி தலைகீழானது. பிள்ளையின் சாடையை வைத்து அப்பனை அடையாளம் காணப் பார்க்கிறார். நானும் அதைத்தான் செய்தேன்.

முப்பது பவுண்டு

ஆலையில் எனக்குச் சீனியராக இருந்தவர் ஆத்தூர்க்காரர். நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கோதுமை பீர் ஒன்றை 24 சிறிய பாட்டில்களில் அடைத்து, சில வாரம் வைத்திருந்து எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று உரிமையாளர் சொன்னார். பாட்டில் நிரப்பும் பெரிய இயந்திரம் எதுவும் எங்களிடம் கிடையாது. இருப்பது 30 லிட்டர் கெக். அதிலிருந்து கையால் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியதுதான். கெக்கில் இருந்த பீரோ நொதித்து முடிந்து, இன்னும் கேஸ் ஏற்றப்படாமல் சப்பென்று கிடந்தது.

கேஸ் ஏற்றுவதற்கு அட்டவணை உண்டு. எந்தக் குளிர்ச்சியில் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் வைத்தால் எவ்வளவு கேஸ் கரையும் என்று அதில் இருக்கும். அழுத்தத்துக்கேற்பக் கேஸ் கரையும் என்பதை வில்லியம் ஹென்றி 1803இல் சொல்லிவிட்டார். அதோடு குளிர்ச்சியும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகக் கரையும். சாதாரண பீரில் ஒரு லிட்டருக்குள் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருக்கும், எடையில் ஏறக்குறைய 5 கிராம். 4 டிகிரியில் இதற்குச் சுமார் 12 பவுண்டு போதும். ஆனால் கேஸைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்தால் அது மேலிருந்து மெல்ல மெல்ல இறங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு வாரமா? எங்க அப்பா ஒரு நிமிஷத்துல ஏத்துவாருண்ணே. சோடா மாதிரிதானே இதுவும்" என்றேன். அண்ணன் தடுக்கவில்லை. செய்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ரெகுலேட்டரை 30 பவுண்டுக்கு வைத்தேன். கெக்கைக் கீழே படுக்க வைத்து, காலால் முன்னும் பின்னும் உருட்டினேன். சிலிண்டரிலிருந்து கேஸ் பாயும் உஸ்ஸென்ற சத்தம் எனக்குத் தாலாட்டுப் போலப் பழகிய சத்தம். அது தேய்ந்து நிற்கும்வரை உருட்டினேன். அட்டவணையில் 4 டிகிரிக்கும் 30 பவுண்டுக்கும் எதிரே இருந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. அது லிட்டருக்கு 4.2 லிட்டர் கேஸ். தேவையானதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

மறுநாள் நிரப்பத் தொடங்கினோம். முதல் பாட்டிலில் கால்வாசி பீர், முக்கால்வாசி நுரை. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தால் அது அடங்கவில்லை. சோடாவில் குமிழி மேலே வந்ததும் உடையும்; தண்ணீரில் அதைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பீரிலோ பார்லியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வந்த புரதமும், ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு தோல் போர்த்திவிடுகின்றன. அந்தத் தோல் இருப்பதால்தான் டம்ளரில் நுரை நிற்கிறது. அதே தோல் இருப்பதால்தான் பாட்டில் வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே இறங்கவும் விடாது. அழுத்தத்தைக் குறைத்தேன். இன்னும் மோசமானது. கரைந்திருக்கும் கேஸுக்குத் தேவையான அழுத்தத்துக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே கேஸ் பிரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. தரையெல்லாம் நுரை. பெருக்கித் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்தது.

அன்று மாலை கெக்கின் வால்வைத் திறந்து திறந்து கேஸை வெளியே விட்டோம். அதற்குள்ளும் நுரைத்தது. "நுரை ஒரு தடவைதாண்டா. உள்ளேயே நுரைச்சு முடிச்சுட்டா டம்ளர்ல நிக்கறதுக்குச் சரக்கு இருக்காது" என்று அண்ணன் சொன்னார். ஊற்றிப் பார்த்தால், அவர் சொன்னபடி, இரண்டு நிமிடத்தில் மேலே ஒரு வெள்ளை வளையம்கூட இல்லை. எப்படியோ நிரப்பி மூடிய பாட்டில்களை மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. நிரப்பும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வெறுங்காற்றில் இருந்த ஆக்ஸிஜனின் வேலை அது. மிச்சமிருந்த பீரை அதற்கு முன்பே கொட்டியிருந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆடியில்

அடுத்த மாதம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். ஆடியில் எங்கள் கம்பெனியில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்பா, அம்மா, வேலைக்கு வரும் இரண்டு பேர் எல்லோரும் மெஷினைச் சுற்றியே நிற்பார்கள். நானும் கைப்பிடியைப் பிடித்தேன். அன்று போட்டுக்கொண்டிருந்தது சாதா சோடா இல்லை, கலர். அடியில் சர்க்கரைப் பாகும் எசன்ஸும் ஊற்றி, மேலே தண்ணீர் பிடித்த பாட்டில்கள். பழக்கத்தில் நான் எண்ணிக்கொண்டே சுற்றினேன். எட்டாவது சுற்றில் அப்பாவின் கை வந்து என் மணிக்கட்டின் மேல் விழுந்தது.

"கலருக்கு எட்டு போதும்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? பதினஞ்சு சுத்துனா திறக்கறப்ப சட்டையில பாதி போயிரும்."

உண்மையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது அது ஒரு எண்ணாக மட்டும் காதில் விழுந்து போயிருந்தது: சாதாவுக்குப் பதினைந்து, கலருக்கு எட்டு. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்று கூண்டு பாதியில் நிற்க, கையில் கைப்பிடியோடு நான் நின்றேன். பெங்களூரில் நான் செய்தது சோடாவை நம்பியதால் வந்த தவறில்லை. சோடாவில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்ததால் வந்தது. வெறும் தண்ணீரிலிருந்து ஒரு கரண்டி பாகு தள்ளிப் போனதுமே சுற்றைப் பாதியாக்கும் தொழிலில் வளர்ந்தவன், பார்லிக் கஞ்சியாகக் காய்ச்சி எடுத்த ஒன்றைப் பதினைந்து சுற்றுக் கணக்கில் போட்டு உருட்டியிருக்கிறேன்.

அதன்பிறகு அன்று முழுவதும் நான் வேலை செய்ததைவிட வேடிக்கை பார்த்ததே அதிகம். நிரப்புவதற்கு முன் பாட்டில்கள் ஏன் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கின்றன? கழுவுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். "வெயில்ல கிடந்த பாட்டில்ல கேஸ் நிக்காது" என்றார் அப்பா. கேஸைத் திறந்ததும் ஒரு நொடி விட்டு, சர்ரென்று வெளியேற்றி, மறுபடியும் திறக்கிறாரே, அது எதற்கு? "உள்ள இருக்கற காத்து போக வேண்டாமா? காத்து இருந்தா கேஸ் எங்க உக்காரும்?" ஆலையில் இதற்கெல்லாம் நீளமான ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. அவற்றை நான் புதிதாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் திரும்பியதும் இன்னொரு கெக்கைக் கேட்டு வாங்கினேன். 12 பவுண்டு அல்ல, கொஞ்சம் கூட்டி வைத்து, ஒன்பது நாள் தொடாமல் விட்டேன். பாட்டில்களை முதல் நாள் இரவே கழுவிக் குளிரறையில் வைத்தேன். பிறகு நிரப்பினேன். அந்தக் கருவி ஒன்றும் பெரிதில்லை: பாட்டில் வாயை அடைக்கும் ஒரு ரப்பர் தக்கை, அதன் நடுவே அடிவரை இறங்கும் ஒரு குழாய், கேஸுக்கு ஒரு வால்வு, பீருக்கு ஒன்று, வெளியேற்ற ஒன்று. முதலில் கேஸை உள்ளே விட்டு, வெளியேற்றும் வால்வைத் திறந்து வெறுங்காற்றை விரட்ட வேண்டும். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு வெளியேற்றும் வால்வை மூடிவிட்டால் பாட்டிலுக்குள்ளும் கெக்கில் இருக்கும் அதே அழுத்தம் ஏறிவிடும். இப்போது பீர் வால்வைத் திறந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதால் பீர் அசையாமல் நிற்கும். வெளியேற்றும் வால்வை ஒரு மயிரிழை திறந்தால்தான் அது அடியிலிருந்து சத்தமே இல்லாமல் ஏறத் தொடங்கும். நுரை இல்லாமல், பழுப்புக் கண்ணாடிக்குள் ஒரு கோடு மெதுவாக மேலே போவதை முதன்முதலில் பார்த்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கழுத்துக்கு வந்ததும் பீரை அடைத்து, மிச்ச அழுத்தத்தை எண்ணி எண்ணி விட்டு, தக்கையை எடுத்துவிட்டு, பாட்டிலின் தோளில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் நுரை எழுந்து வாய்வரை வரும். அது வழியும் தருணத்தில், அதன் மேலேயே, 21 பல் கொண்ட மூடியை வைத்து அழுத்த வேண்டும். கழுத்தில் எஞ்சிய காற்றை நுரை தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

இந்தக் கடைசிப் படியை அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நுரை அடங்கிய பிறகு மூடுவதே முறை, வழிய வழிய மூடுவது விரயம் என்பது அவர் கட்சி. சோடா காற்றில் கெடாது. ஆகவே அவர் தொழிலில் அவர் சொல்வதுதான் சரி. நானும் வற்புறுத்தவில்லை.

மலை மேலே ஒரு பிரஷர் மீட்டர்

இரண்டு ஆண்டுக்கு முன் ஊரோடு வந்துவிட்டேன். கெக்கும் ரெகுலேட்டரும் இப்போது இஞ்சி எலுமிச்சை சோடாவுக்கு உழைக்கின்றன. ஏற்காட்டில் சிறிய ஓட்டல் நடத்தும் உறவினர் ஒருவர், பாட்டிலாக வேண்டாம், கெக்காகவே கொடு, அங்கே ஒரு குழாய் வைத்து ஊற்றிக்கொள்கிறேன் என்று கேட்டார். 20 கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு ஏறிய கெக்கை அன்றே திறக்காதீர்கள், ஒருநாள் குளிரில் வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே செய்தார். முதல் கெக் நன்றாகப் போனது. இரண்டாவது கெக்கை நான் கேஸ் ஏற்றாமல் கொடுத்து, அங்கேயே அவருடைய குளிர்பெட்டியில் வைத்து ஏற்றச் சொன்னேன். அதே 4 டிகிரி, சேலத்தில் வைக்கும் அதே அழுத்தம், பத்து நாள். "மாப்ள, இதுல கேஸ் கம்மியா இருக்கே" என்று போன் வந்தது.

கசிவு இருக்கும் என்று நினைத்து, சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக மலையேறினேன். எந்த இணைப்பிலும் ஒரு குமிழிகூட இல்லை. மீட்டர் சரியான எண்ணையே காட்டியது. ஓட்டல் சமையலறையில் குழம்பு கொதிக்க நேரமாகிறது என்று அக்கா அலுத்துக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அவ்வளவு குறைவு. மீட்டர் காட்டுவது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பவுண்டு, ஏற்காட்டில் 12க்குச் சற்று மேல். அட்டவணைகளோ கடல்மட்டத்தை நினைத்து எழுதப்பட்டவை. அதில் 12 என்றிருந்தால் சேலத்தில் பன்னிரண்டரை, பெங்களூரில் பதின்மூன்றரை, ஏற்காட்டில் பதினாலரைக்குச் சற்றுக் குறைவு. ஆலையில் ஏன் எப்போதும் 'கொஞ்சம் கூட்டி' வைத்தோம் என்பது எனக்கு அங்கே, ஏற்காட்டுச் சமையலறையில்தான் விளங்கியது. அண்ணன் கூட்டச் சொன்னார், கூட்டினேன். கலருக்கு எட்டு என்பதைப் போல அதையும் ஓர் எண்ணாக மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ரெகுலேட்டரை இரண்டு பவுண்டு கூட்டிவிட்டு, அந்த எண்ணைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும்போது வண்டியில் நாலைந்து நிரப்பிய பாட்டில்கள் இருந்தன. மலையில் ஜில்லென்று 12 பவுண்டில் அடங்கிக் கிடக்கும் அதே கேஸ், சேலத்துச் சித்திரை வெயிலில் 35 டிகிரிக்கு வந்ததும் 40 பவுண்டைத் தாண்டி முட்டும்; கார் டயரில்கூட அவ்வளவு காற்று அடிப்பதில்லை. அடிவாரம் வந்ததும் ஈரச்சாக்கை எடுத்துப் பாட்டில்கள்மேல் போர்த்தினேன்.

நேற்று டீக்கடையில் பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். கேள்வியை அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. "என்ன தம்பி, யோசிச்சியா?" என்றார்.

"சோடா மாதிரி இல்லீங்க. கலர் மாதிரி."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தாத்தாவிடம் வாலிபத்தில் இரண்டு வருடம் மெஷின் சுற்றியவர் அவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "அப்பச் சுத்து கம்மின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, நாளிதழின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.